பெரட்டும் அணிவகுப்பும்

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் 'பெரட்டு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஆபீஸ் முன்னால் ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்பார்கள். தண்டல் பேர் கூப்பிடுவார், கிராணி செக்ரோலில் குறிப்பார். யாருக்கு எந்த நிரை, யாருக்குப் புல்வெட்டு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளமும் இல்லை. இலங்கை மலையகத்திலும் இதே சொல்தான். அங்கே அந்த இடத்தைப் பெரட்டுக்களம் என்பார்கள். ஆங்கிலேயனின் 'பரேட்' நம் நாக்கில் புரண்டு பெரட்டாகிவிட்டது. பட்டாளத்துச் சொல்லைக் கூலிக்கு ஆள் எண்ணவும் வைத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில் சிரம்பான் பட்டணத்தில் 'பரேட்' என்றால் வேறு. பாடாங்கில் பேண்டு வாத்தியம், கொடி, காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் ஸ்கார்ப். ஆங்கிலப் பள்ளி மாணவர்கள் வெள்ளைக்காரன் முன்னால் நடந்து போவார்கள். பத்து மைல் தள்ளி ரப்பர் மரத்தடியில் நின்ற பிள்ளைக்கும் அதே வயதுதான். ஆனால் அவன் தெரிந்துகொண்ட வரிசை வேறு.

நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சாரணர் இயக்கத்தில் தொண்டூழியனாக இருக்கிறேன். வாத்தியார் இல்லை, சம்பளமும் இல்லை. சனிக்கிழமை காலையில் பையன்களுக்கு முடிச்சுப் போடவும் கூடாரம் அடிக்கவும் சொல்லித் தருகிறவன், அவ்வளவுதான். தலைவர்களுக்கான பயிற்சி எதற்குப் போனாலும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: சாரணர் இயக்கம் அரசியல் சார்பற்றது. அதில் பாதியை நான் முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். கட்சிக் கொடி முகாமுக்குள் வரக்கூடாது. மற்றப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சீருடை போட்ட பிள்ளைகளுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லை என்று வேறு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து வந்தவன் சொல்ல முடியாது.

இயக்கத்தின் பிறப்பிலிருந்தே பார்க்கலாம். பேடன் பவல் ஒரு பட்டாளத்துக்காரர். தென்னாப்பிரிக்கப் போரில், 1899-1900இல் மாஃபெக்கிங் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, அங்கே பையன்கள் தூது கொண்டுபோவதைப் பார்த்தவர். 1907இல் பிரவுன்சி தீவில் முதல் முகாமை நடத்தினார். அடுத்த வருடம் புத்தகம் வந்தது. அதில் சாரணர் சட்டங்கள் இருக்கின்றன. இரண்டாவது சட்டம் விசுவாசத்தைப் பற்றியது. யாருக்கெல்லாம் விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற பட்டியலில் அரசர் வருகிறார், அதிகாரிகள் வருகிறார்கள், நாடு வருகிறது. கடைசியில் முதலாளியும் வருகிறார். ஆமாம், முதலாளி. இன்றைக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் சட்டங்களில் அந்தச் சொல் இல்லை. ஆனால் 1908இல் இருந்தது. பின்னால் வந்த திருத்தத்திலும் வெகுகாலம் இருந்தது.

முதலாளிக்கு விசுவாசம் என்ற வரியை லண்டன் கடைப்பையன் ஒருவிதமாகப் படித்திருப்பான். அதே வரியைத் தோட்டத்துப் பையன் முன்னால் வைத்துப் பாருங்கள். குடியிருக்கும் லயம் முதலாளியுடையது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கோயில் நிலமும் அவனுடையவை. கள்ளுக்கடைகூடத் தோட்டத்துக்குள்ளேதான். அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தினால் வீடும் போய்விடும். இவனுக்கு விசுவாசத்தைச் சட்டம் போட்டுச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, சொல்லித்தரவும் இல்லை. மலாயாவுக்குச் சாரணர் இயக்கம் 1910ஐ ஒட்டியே வந்துவிட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தொடங்கி, பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகள் வழியாகப் பரவியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். பல இடங்களில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். அரிச்சுவடி, கணக்கு, அதற்குப் பிறகு வாளி. அங்கே ஏது கழுத்தில் ஸ்கார்ப்? கிராணி வீட்டுப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் பட்டணத்துப் பள்ளிக்குப் போய்ச் சாரணரானார்கள். லயத்துப் பிள்ளைகள் போகவில்லை.

இந்தியாவிலும் முதலில் இந்தியப் பையன்களுக்குக் கதவு மூடியே இருந்தது. வெள்ளையர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. அன்னி பெசன்ட் சென்னையிலிருந்து, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, இந்தியச் சாரணர் சங்கம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார். ஹோம் ரூல் கேட்டு அரசாங்கத்தோடு மோதிக்கொண்டிருந்த அதே அம்மையார். 1921இல் பேடன் பவல் நேரில் வந்த பிறகுதான் அந்தச் சங்கத்தைத் தன் இயக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். ஆக, தமிழ்நாட்டுப் பையன் தலையில் சாரணத் தொப்பி ஏறியதே அரசியல் போட்ட சண்டையால்தான். அரசியல் சார்பற்ற இயக்கம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மலாயாத் தோட்டத்துப் பையனுக்கு அப்படிச் சண்டை போட ஒரு பெசன்ட் வரவில்லை. அவனுக்கு முதல் சீருடையைக் கொடுத்தது போர்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபரில் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். இந்திய சுதந்திரச் சங்கத்தின் கிளைகள் தோட்டம் தோட்டமாக முளைத்தன. பெரியவர்களுக்கு இந்திய தேசிய ராணுவம், பெண்களுக்கு ஜான்சி ராணிப் படை, பிள்ளைகளுக்குப் பாலக் சேனா. மலாயாவில் புதிதாகச் சேர்ந்த சிவிலியன்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதி பால்வெட்டுத் தொழிலாளர்கள். இது வரலாற்றாசிரியர்கள் பலரும் ஒத்துக்கொள்ளும் விஷயம்.

என் தாத்தாவின் தம்பி, நாங்கள் சின்னத் தாத்தா என்று கூப்பிடுவோம், பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பாலக் சேனாவில் இருந்தவர். அப்போது பத்துப் பதினோரு வயது. துப்பாக்கிக்குப் பதிலாகக் கித்தாக் கம்பு. தோட்டத்துத் திடலில் சாயங்காலம் அணிவகுப்பு, பாட்டு, இந்துஸ்தானி வகுப்பு. எண்பது வயதுக்குமேல் பேச்சுக் குழறத் தொடங்கிய பிறகும் "ஜெய் ஹிந்த்" மட்டும் சுத்தமாக வரும். அவர் ஒருதடவை சொன்னது எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதது. "டேய், மொதோ மொதோ என்னைய வரிசையில நிக்க வச்சு பேரு கேட்டாங்க. கேட்டுட்டு, போய் வேலையப் பாருன்னு சொல்லல. சல்யூட் அடிச்சாங்க."

பெரட்டுக்கும் அணிவகுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அந்த ஒரு பேச்சில்தான் புரிந்துகொண்டேன். ஆனால் அவர் சொன்னதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அதே ஜப்பான்காரன்தான் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றி சயாம் மரண ரயில் பாதைக்கு அனுப்பினான். 415 கிலோமீட்டர் தண்டவாளம். மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், அதில் தமிழர்களே அதிகம். திரும்பாதவர்கள் பல்லாயிரம். ராணுவத்தில் பேர் கொடுத்தால் ரயில் வேலைக்குத் தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு. அப்பனை ரயிலுக்கு ஏற்றியவனோடு கூட்டு வைத்திருந்த கொடிக்குக் கீழே பிள்ளை சல்யூட் அடித்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். போஸின் படத்தை மாட்டி வைத்து மாலை போடுகிறவர்கள் முதல் பாதியைச் சொல்வதில்லை. எல்லாமே ஜப்பான்காரன் சதி என்று எழுதுகிறவர்களுக்கு அந்தச் சல்யூட் புரிவதில்லை.

இதில் நம் மாநிலத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்திய தேசிய ராணுவத்தின் பயிற்சி முகாம் ஒன்று சிரம்பானில் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப்போகும் செய்தி வந்தபோது போஸ் சிரம்பானில்தான் இருந்தார். அங்கிருந்து காரில் சிங்கப்பூர் போனார். ஆகஸ்ட் 16 அன்று சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார், சில நாட்களில் கதை முடிந்தது. சிரம்பானில் இதைச் சொல்லும் ஒரு பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை. என் பையன்களை ஊர்நடைக்குக் கூட்டிப்போகும்போது நானாகச் சொல்வதுதான்.

போர் முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பெரட்டு பழையபடி தொடங்கியது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பழைய ஆட்கள் இல்லை. நடை பழகியவர்கள், கட்டளை கொடுக்கப் பழகியவர்கள், துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டுமா என்று கேட்கப் பழகியவர்கள்.

1946, 47இல் கெடாவில் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படையைக் கட்டினார். இளைஞர்கள், சீருடை, கையில் கம்பு, காலை மாலை அணிவகுப்பு. முதல் எதிரி கள்ளுக்கடை. சம்பளம் வாங்கிய கையோடு பணம் தோட்டத்துக்கே திரும்பிப் போகும் வழி அதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மறியல் செய்தார்கள். லயத்துச் சண்டைகளைத் தாங்களே விசாரித்தார்கள், குடித்துவிட்டு மனைவியை அடித்தவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். 1947இல் போலீசோடு மோதல் வந்தது, உயிர் போனது, பலர் சிறைக்குப் போனார்கள். அரசாங்கம் படையை ஒடுக்கியது.

தொண்டர் படையின் ஒழுங்குமுறை எனக்கு அந்நியமாகப் படவில்லை. குழு, குழுத்தலைவன், சீருடை, சபதம், உடல் சுத்தம், குடிக்கு எதிர்ப்பு, அன்றாடம் ஒரு நற்செயல். பேடன் பவல் கேட்டதெல்லாம் இதில் இருந்தது, இரண்டாவது சட்டத்தின் கடைசிச் சொல் ஒன்றைத் தவிர. அந்த ஒரு சொல் இல்லாததால் இது சட்டவிரோதக் கும்பலானது. என் அட்டையில் 'தொண்டூழியர்' என்று போட்டிருக்கிறது. அந்தச் சொல்லின் முன்பாதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஹார்வர்ட் தோட்டத்து ஞாபகம் வருவதை யாரிடமும் சொன்னதில்லை.

நெகிரி செம்பிலானில் அந்த வேகம் பெரும்பாலும் தொழிற்சங்கத்துக்குள் போனது. பி.பி. நாராயணன் இங்கேதான் சங்க வேலையைத் தொடங்கினார். மாநிலத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருந்தவர், 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் முகமாகவே ஆனார். இடையில் 1948 ஜூன் வந்தது, அவசரகாலச் சட்டம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, அவரும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேரு அரசாங்கம் கேட்டுக்கொண்டும் நிற்கவில்லை. அதற்கு முதல் நாள்தான் அவருக்குப் பின் பொறுப்பேற்ற வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி, ஊரடங்கு, காட்டுக்குச் சோறு போய்விடும் என்று பால்வெட்டுக்குப் போகும் ஆளின் சாப்பாட்டையும் சோதித்த காலம். லயத்தில் நாலு பையன்கள் வரிசையாக நின்றாலே அம்மாமார்கள் வந்து இழுத்துக்கொண்டு போவார்களாம். என் பாட்டி சொல்வார்: "கும்பலா நிக்காதீங்கடா, போலீசு வரும்." எண்பதுகளில், அவசரகாலம் முடிந்து இருபது வருடத்துக்கும் மேலான பிறகும், நாங்கள் திடலில் பந்தாடப் போனால் இதைச் சொல்வார்.

அந்தப் பயம் நம்மிடமிருந்து எதை எடுத்துப் போனது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். நமக்குக் கிடைத்தது என்று பார்த்தால் மொழி வழியாக வந்த இளைஞர் இயக்கம். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு ஐம்பதுகளில் மாணவர் மணிமன்றத்தை வளர்த்தது. அது பிறகு தமிழ் இளைஞர் மணிமன்றங்களாக நாடு முழுக்கப் பரவியது. கைப்பந்து, பேச்சுப் போட்டி, நாடகம், பொங்கல் விழா. கம்பும் அணிவகுப்பும் இல்லாத தொண்டர் படை என்று எனக்குத் தோன்றும். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே அங்கிருந்து வந்தது. ஆனால் அதற்குள்ளும் நாற்காலிச் சண்டை வந்தது, கட்சிக்காரர்கள் வந்தார்கள். இதை இங்கே விரிக்கப் போவதில்லை.

ஆட்சியாளர்களுக்குப் பிள்ளைகளின் வரிசைமேல் எப்போதும் ஒரு கண் உண்டு. சோவியத் ஒன்றியம் சாரணர்களைத் தடைசெய்துவிட்டு, 1922இல் அதே மாதிரியை எடுத்து, ஸ்கார்பின் நிறத்தை மட்டும் சிவப்பாக்கி, முன்னோடிப் படையை உண்டாக்கியது. ஹிட்லர் சாரணர்களைக் கலைத்துப் பிள்ளைகளைத் தன் படைக்குள் இழுத்துக்கொண்டான். பக்கத்து இந்தோனேசியாவில் சுகர்ணோ 1961இல் எல்லாச் சாரணர் சங்கங்களையும் ஒரே பிரமுகாவாக ஆக்கினார். நம் நாட்டில் இவ்வளவு முரட்டுத்தனம் இல்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். நம் வழி வேறு. 1971இல் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1974இல் பாலிங் விவசாயிகளின் பசிக்காக மாணவர்கள் தெருவுக்கு வந்தபின் அது இறுகியது. படிக்கிற பிள்ளைக்கு அரசியல் ஆகாது என்பது ஒரு நற்பண்பு மாதிரி ஊறிப்போனது. இடைநிலைப்பள்ளியில் ஒவ்வொரு மாணவனும் ஏதாவது ஒரு சீருடை இயக்கத்தில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு. நேர்மையாகச் சொன்னால் என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பத்துக்காகத்தான் வருகிறார்கள். அம்மாக்கள் நேராகவே கேட்பார்கள்: "சார், இதுல மார்க்கு எவ்ளோ வரும்?" அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்திலிருந்து வெளியே வந்த குடும்பத்துக்குப் பத்து விழுக்காடு சின்னத் தொகை இல்லை.

அந்தக் குடும்பங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? சுவாபெத்தோங், பிராட்வால், லாபு, ஜெராம் பாடாங், கெட்டீஸ், மிடல்டன் என்று நாம் ஒப்புவிக்கும் பெயர்களில் பல இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பலகையில்தான் அதிகம் வாழ்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையில் வேறு நாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். நீலாயையும் செண்டாயானையும் சுற்றி வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. நம்மவர்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டார்கள். தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது, திடல் இருந்தது, கோயில் இருந்தது, தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். அடுக்குமாடியில் மாடிப்படிதான் இருக்கிறது. அந்த மாடிப்படியில் நிற்கும் பதினான்கு வயதுப் பையனுக்காக மூன்று பேர் காத்திருக்கிறார்கள். ஒருவன் குண்டர் கும்பல்காரன். இன்னொருவன் தேர்தல் காலத்தில் கொடி கட்ட ஆள் தேடும் கட்சிக்காரன். மூன்றாவது ஆள் சனிக்கிழமை மட்டும் வருகிற நான். மூன்று பேரும் கொடுப்பது ஒன்றையேதான்: ஒரு வரிசை, ஒரு சட்டை, ஒரு தலைவன், 'நீ நம்ம ஆளு' என்ற சொல்.

இதனால்தான் மற்ற இளைஞர் அணிவகுப்புகளைப் பார்க்கும்போது என்னால் சும்மா சிரித்துவிட்டுப் போக முடிவதில்லை. 2023 பிப்ரவரியில் திரங்கானுவில் பாஸ் கட்சியின் இளைஞர் பிரிவினர் போர்வீரர் உடையில், போலி வாளும் ஈட்டியும் ஏந்தி நடந்தார்கள். கலாசார நிகழ்வு என்றார்கள். அதே வருடம் அக்டோபர் இறுதியில் பள்ளிகளில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டு வாரம் வந்தபோது, சில இடங்களில் பொம்மைத் துப்பாக்கியோடு நின்ற ஆசிரியர்களின் காணொளிகள் சுற்றின. காசாவில் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காக நம் பிள்ளைகள் மனம் நோவது சரிதான், நோக வேண்டும். ஆனால் துப்பாக்கி எதற்கு? கித்தாக் கம்பைத் தோளில் வைத்து நடந்த என் சின்னத் தாத்தாவின் வயதுதான் இவர்களுக்கும். ஒரு பிள்ளையின் கோபத்துக்குப் பெரியவர்கள் ஆயுத வடிவம் கொடுக்கும்போது அது எந்தக் கொடியாக இருந்தாலும் எனக்கு ஒவ்வாது. நம்மவர் கொடியாக இருந்தாலும்தான். 2025 ஏப்ரலிலிருந்து மாணவர்கள் சட்டையில் தேசியக்கொடிச் சின்னம் அணிய வேண்டும் என்றார்கள். அணியட்டும், எனக்கு மறுப்பில்லை. கொடியை எப்படி மடிக்க வேண்டும் என்று நான் வாராவாரம் சொல்லித்தருகிறவன். ஆனால் சின்னம் குத்துவது எளிது. அந்தக் கொடிக்குக் கீழே தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அவன் கேட்கும்போது யார் பதில் சொல்வது?

கேட்கத்தான் செய்கிறார்கள். 2019 ஜூலை 16 அன்று வாக்களிக்கும் வயதை 18ஆக்கும் திருத்தம் மக்களவையில் 211 வாக்குகளோடு, ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேறியது. அவ்வளவு ஒற்றுமையாக நிறைவேறியதை நடைமுறைப்படுத்தத்தான் இழுத்தடித்தார்கள். இளைஞர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கூச்சிங் உயர்நீதிமன்றம் தேதி குறித்துக் கொடுத்தது. 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. 2018இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர் தொகை 2022 பொதுத்தேர்தலில் இரண்டு கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. ஐந்தாம் படிவத்தில் என்னோடு கூடாரம் அடித்தவன் அடுத்த வருடம் வாக்காளன். ஒரு நாள் இடைவெளியில் அவனுக்கு அரசியல் புரிந்துவிடுமா? 2025இல் தேசிய சேவைப் பயிற்சியை 45 நாளாகச் சுருக்கித் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கேயும் நடைதான் முதலில்.

சாரணர் இயக்கத்தில் நான் மதிக்கும் விஷயம் நடையோ சட்டையோ இல்லை. பேடன் பவல் ஒரு பேரரசுக்காரர், மறுப்பில்லை. ஆனால் அவர் உண்டாக்கிய அணிமுறை அவரையே தாண்டிவிட்டது. ஆறேழு பையன்கள் ஓர் அணி, அவர்களில் ஒருவன் தலைவன். அணித்தலைவர்கள் எல்லாம் கூடிப் பேசும் ஓர் அவை உண்டு. முகாம் எங்கே, பணத்துக்கு என்ன செய்வது, தப்பு செய்தவனை என்ன செய்வது, எல்லாம் அங்கேதான் முடிவாக வேண்டும். பெரியவர் பக்கத்தில் உட்காரலாம், முடிவெடுக்கக் கூடாது. பல குழுக்களில் இது ஏட்டில்தான் இருக்கிறது. தலைவர்தான் எல்லாம் முடிவு செய்கிறார், பையன்கள் 'யெஸ் சார்' என்கிறார்கள். பெரட்டு, வேறென்ன.

2023 ஆகஸ்ட் 12இல் மாநிலத் தேர்தல். அதற்குச் சில வாரங்கள் முன்பு எங்களுக்குப் போர்ட்டிக்சனில் ஒரு முகாம். தொகுதியில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு கட்சிக்காரர், எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை, பஸ் தருகிறேன் என்றார். கூடவே எல்லாருக்கும் டீசட்டை, முதுகில் அவர் முகம். நானாக இருந்தால் முதல் பேச்சிலேயே வேண்டாம் என்றிருப்பேன். அவையில் வைத்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். ஒருவன் சொன்னான், "சட்டைய வாங்கிக்குவோம் சார், போட்டுக்க வேணாம், தரை தொடைக்கலாம்." சிரிப்பு. இன்னொருவன், அவன் அம்மா தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டு பார்ப்பவர், சிரிக்கவில்லை. "பஸ்ஸு இல்லன்னா எங்க வீட்டுல காசு கேக்கணும். என்னால கேக்க முடியாது. மூஞ்சி போட்ட சட்டையப் போட்டா என்னா இப்ப?" அதற்கு யாரிடமும் உடனே பதிலில்லை. என்னிடமும் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கொள்கை பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. கடைசியில் பஸ்ஸும் வேண்டாம், சட்டையும் வேண்டாம், வேலை வாரம் மாதிரி இரண்டு சனிக்கிழமை கார் கழுவிப் பணம் சேர்ப்போம் என்று முடிவானது. ஏழுக்கு நாலு. தோற்ற மூன்று பேரும் கார் கழுவ வந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பாராட்ட வந்து, கூட நின்று படமெடுத்துக்கொள்ளலாமா என்றார். அதையும் பையன்களே பார்த்துக்கொண்டார்கள்.

அந்த அணித்தலைவர்களில் ஒருவனுக்குப் போன வருடம் பதினெட்டு ஆனது. தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தன் பேரைத் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினான். தானியங்கிப் பதிவு அடையாள அட்டை முகவரியை வைத்துத்தான் நடக்கிறது. அவன் அட்டையில் இன்னும் தோட்டத்து முகவரி. லயத்தை இடித்து ஆறேழு வருடமாகிறது, இப்போது அங்கே வேலி போட்ட மேட்டுநிலம். அவனுக்கு ஓட்டு அங்கே, வாழ்க்கை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் அடுக்குமாடியில். பதிவிலாகாவுக்குப் போய் முகவரியை மாற்று, பிறகு ஓட்டும் மாறும், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அவன் தலையாட்டவில்லை. "எங்க தோட்டத்துல இருந்து இன்னும் முப்பது நாப்பது பேரு மாத்தாமதான் சார் இருக்காங்க. அத்தன பேரும் அங்க போயி போட்டா, அந்தக் கோயில் நெலத்தப் பத்தி யாராச்சும் கேக்க வேண்டி வரும்ல?" என்றான்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சட்டப்படி முகவரியை மாற்ற வேண்டும் என்பது ஒன்று. தன் வீட்டுக் குப்பை அள்ளாததைப் பற்றிக் கேட்க அவனுக்கு இங்கே ஓட்டு வேண்டும் என்பது இன்னொன்று. அவன் அதைக் கேட்டுக்கொண்டான், ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த அவைக்கு இதை எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். கெட்டீஸ் பக்கமும் லாபு பக்கமும் இருந்து வந்த பையன்கள் இரண்டு பேர் இப்போதே தங்கள் வீட்டு அட்டைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.